அச்சு உடைந்த பிறகு

அவையோருக்கும், கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

1945 அக்டோபர் 29 அன்று பாரிசில் ஆற்றிய உரையில் பிரெஞ்சுத் தத்துவஞானி ழான் பால் சார்த்தர், காகிதம் வெட்டும் கத்தி ஒன்றை எடுத்துக்காட்டினார். கத்தி எதற்கென்று அதைச் செய்பவனுக்கு முன்பே தெரியும். மனிதனுக்கு அப்படி வகுத்துவைத்த நோக்கம் ஏதுமில்லை, அவன் முதலில் இருக்கிறான், பிறகு தன் செயல்களால் தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்றார். காரைக்குடியில் நின்று பேசும் எனக்குக் கத்தியைவிட நம் வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லே கண்முன் நிற்கிறது. கண்ணாடியின்மேல் அச்சை வைத்து, அதன் கண்களுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கியபின் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்துகிறார்கள். பதப்பட்டுக் கண்ணாடியை விட்டு வரும்போது நாம் காணும் பூ, அச்சில் முன்பே இருந்த பூதான்.

நம் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஓர் அச்சு இருந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போகிறவன், கடையில் பெட்டியடிப் பையன் என்னும் கடைநிலை எடுபிடியாகச் சேர்ந்து, முதலாளின் உதவியாளான அடுத்தாளாக உயர்ந்து, பொருளோடு ஊர் திரும்புவான் என்பது அவன் பிறக்குமுன்பே முடிவான சங்கதி. வீட்டின் உள்முற்றமான வளவில் காத்திருந்த ஆச்சியின், அவன் மனைவியின், விருப்பத்தை எவரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அந்த அச்சு உடைந்தது. பர்மாத் தேக்குத் தூண்கள் நின்றன. அவற்றை வாங்கித் தந்த வாழ்க்கை நிற்கவில்லை.

சுதந்திரம் பரிசாகக் கிடைப்பதில்லை, இப்படிச் சுமையாகத்தான் வந்து சேர்கிறது என்றே நான் நம்புகிறேன். சார்த்தரிடம் ஒரு மாணவன் வந்தான். அண்ணனைப் போரில் இழந்தவன். இங்கிலாந்து சென்று பிரெஞ்சு விடுதலைப் படையில் சேர்வதா, தன்னையே நம்பியிருக்கும் தாயுடன் இருப்பதா என்று கேட்டான். எந்த நீதிநூலும் அதற்கு விடை தராது, நீயே தேர்ந்துகொள் என்றார் சார்த்தர். கைகழுவும் பதிலாக இது தோன்றலாம். ஆனால் ஒருவன் தேர்ந்தெடுப்பது தனக்காக மட்டுமல்ல, மனிதர் எல்லாருக்குமாகத் தேர்ந்தெடுக்கிறான் என்றும் அதே உரையில் அவர் சொன்னார். அந்தப் பொறுப்பை உணர்ந்தவனுக்கு இதைவிடக் கடுமையான பதில் இருக்க முடியாது.

என் அப்பாவைப் பெற்ற ஐயா ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். எழுத வரவும் பற்றும் இல்லாத பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு முகப்புத் திண்ணையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாராம். பிறகு ஒரு நாள், எவரும் சொல்லாமலே, தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கணக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். அந்தப் பேரேடு இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. முதல் பாதியில் ரங்கூன் வட்டிக் கணக்கு. நடுவே சில வெற்றுப் பக்கங்கள். அதன்பின் அதே கையெழுத்தில், பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பெரிதாக எழுதிய இரண்டாம் வாய்ப்பாடு.