திரையில் தெரியும் அந்தப் புள்ளி யார்?

[காட்சி: அரிச்சல்முனை, விடிவதற்கு முன். கேமரா அசையாமல் கடலைப் பார்க்கிறது. காற்றுச் சத்தம் மட்டும்.]

தனுஷ்கோடியைத் தாண்டி, சாலை முடிகிற இடத்தில் நிற்கிறேன். இடப்பக்கம் பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல். பாக் நீரிணைப் பக்கத்தையும் மன்னார் வளைகுடாவையும் இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நேர் எதிரே, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இலங்கையின் தலைமன்னார்.

அதோ ஒரு புள்ளி தெரிகிறது, பாருங்கள். நாட்டுப்படகாக இருக்கலாம். கடலோரக் காவல்படையின் ரோந்துப் படகாக இருக்கலாம். 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் நொடிந்தபோது வந்தார்களே, அதுபோல் கைக்குழந்தையோடு மணல்திட்டில் இறங்கப்போகும் ஒரு குடும்பமாகவும் இருக்கலாம். நான் கரையில் நிற்கிறேன், எனக்கு அவசரமில்லை. பத்து நிமிடம் பொறுத்தால் தெரிந்துவிடும்.

இதே புள்ளியை ஒரு கப்பலின் மேல்தளத்தில், எந்திரத் துப்பாக்கிக்குப் பின்னால் நின்று பார்க்கிறவருக்கு அந்தப் பத்து நிமிடம் கிடையாது.

[எழுத்து: ஜூலை 16, 2012. துபாய், ஜெபல் அலி துறைமுகத்துக்கு அருகே]

அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் வழங்கும் கப்பல் ஒன்று, பெயர் ரப்பஹானக். அதை நோக்கி ஒரு சிறிய மீன்பிடி படகு வந்தது. கப்பலில் இருந்த பாதுகாப்புக் குழு சுட்டது. படகில் ஒருவர் இறந்தார், மூவருக்குக் காயம். இறந்தவர் இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். பிழைப்புக்காக வளைகுடாவுக்குப் போய் அங்கேயும் மீன்தான் பிடித்துக்கொண்டிருந்தவர். "எச்சரித்தோம், நிற்கவில்லை" என்றது கடற்படை. எந்த எச்சரிக்கையும் தங்களுக்கு வரவில்லை என்றார்கள் பிழைத்தவர்கள்.

கப்பல்காரர்களின் பயத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 2000 அக்டோபர் 12, ஏமன் நாட்டின் ஏடன் துறைமுகம். யு.எஸ்.எஸ். கோல் என்ற போர்க்கப்பல் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் படகு சாதாரணமாகப் பக்கத்தில் வந்து வெடித்தது. 17 மாலுமிகள் செத்தார்கள். அதற்குப் பிறகு சின்னப் படகு எதைப் பார்த்தாலும் அவர்களுக்கு அடிவயிறு கலங்கும். அதில் பொய்யில்லை.

சரி, அப்படியானால் அன்றைக்குச் சுட்டது சரியா?

இதற்கு இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம். முதல் கணக்கு, தலை எண்ணும் கணக்கு. கப்பலில் இத்தனை பேர், படகில் இத்தனை பேர், வெடிகுண்டு இருப்பதற்கான வாய்ப்பு இவ்வளவு. பெருக்கிக் கழித்தால் விடை வந்துவிடும். பயன்வழி அறவியல் என்று சொல்வது ஏறக்குறைய இதுதான்.

இரண்டாவது கணக்கில் எண்ணிக்கையே கிடையாது. இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[காட்சி: பழைய ஐரோப்பியத் துறைமுக நகரத்தின் வரைபடம்]

ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட், 1724-இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் பிறந்தார். பால்டிக் கடலையொட்டிய துறைமுக நகரம் அது, இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். வாழ்நாள் முழுவதும் அந்த வட்டாரத்தை விட்டு நகராத மனிதர். உலகப் புவியியலை மாணவர்களுக்குப் பாடமாக நடத்தினார், ஆனால் அந்த வட்டாரத்தைத் தாண்டவில்லை. நம் ஊர் வாத்தியார்களிலும் இப்படிச் சிலரைப் பார்த்திருப்பீர்கள்.

அவர் சொன்னதைச் சுருக்கினால் இரண்டு சோதனைகள். ஒன்று: நீ செய்யப்போவதை எல்லோரும் செய்யட்டும் என்று விதியாக்கினால், அந்த விதி நிற்குமா, தன்னைத்தானே தின்றுவிடுமா? இன்னொன்று: எதிரே இருக்கும் மனிதனை உன் காரியத்துக்கு வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்துகிறாயா? இந்த இரண்டிலும் தேறாத செயலை, அதனால் எவ்வளவு நன்மை வந்தாலும், செய்யக்கூடாது. கடமை என்று அவர் சொன்னது இதை.

விளைவு நன்றாக இருந்தால் செயலும் நல்லதாகிவிடாது என்பது நமக்கொன்றும் புதிதல்ல. ராமேசுவரம் கோயில் ஏன் இருக்கிறது? ராவணனைக் கொன்ற தோஷம் தீர ராமன் இங்கே சிவலிங்கத்தை வைத்து வழிபட்டான் என்பது தலபுராணம். யோசித்துப் பாருங்கள். நியாயமான போர், ஜெயித்தும் ஆகிவிட்டது, சீதையும் மீண்டாள். ஆனாலும் கொன்றது கொன்றதுதான், அதற்குத் தனியாகக் கணக்குத் தீர்க்கவேண்டும் என்கிறது அந்தக் கதை. தலை எண்ணும் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

[காட்சி: பாம்பன். வரிசையாகக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள்.]

இப்போது மீன்பிடி படகுக்கு வருவோம். போரில் மீனவனைப் பிடிக்கக்கூடாது என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. அதற்கான மிகச் சிறந்த வழக்கு 1898-இல் கியூபாவில் தொடங்குகிறது.

அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர். ஹவானாவுக்கு முன்னால் அமெரிக்கக் கப்பல்கள் முற்றுகையிட்டிருக்கின்றன. பாக்கெட் ஹபானா, லோலா என்று இரண்டு மீன்பிடி படகுகள் கடலில் இருந்து திரும்புகின்றன. ஒன்றில் மூன்று பேர், மற்றதில் ஆறு பேர். ஆயுதம் இல்லை. போர் வந்ததே அவர்களுக்குத் தெரியாது. பிடித்துக் கொண்டுபோய் ஏலம் விட்டார்கள். ஒரு படகு 490 டாலர், மற்றது 800 டாலர்.

அந்தக் கடற்படைத் தளபதி சாம்ப்சன் தன் மேலிடத்துக்கு எழுதிய காரணத்தைக் கேளுங்கள். இந்த மீனவர்கள் அருமையான கடலோடிகள், ஏற்கெனவே ஸ்பெயின் கடற்படையில் வேலை பார்த்தவர்கள், நாளைக்கே பீரங்கிக்குப் பின்னால் நிற்பார்கள், ஆகவே பிடித்து வைப்பதே நல்லது. தலை எண்ணும் கணக்குப்படி இதில் ஒரு தப்பும் இல்லை. பாம்பனில் ஒரு விசைப்படகை ஓட்டுகிறவர் எந்தக் கடற்படைக்கும் பயன்படுவார்தான். காற்றையும் நீரோட்டத்தையும் திரை பார்க்காமலே சொல்கிறவர்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1900 ஜனவரி 8-ஆம் தேதி நீதிமன்றம் அமெரிக்கக் கடற்படைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கரையோரத்தில் மீன்பிடித்துப் பிழைக்கிறவனைப் போர்க்கொள்ளையாகப் பிடிக்கக்கூடாது, படகை விற்ற பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றது. இந்த வழக்கத்தை 1403-ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசரின் ஆணை வரை பின்னோக்கித் தேடிப்போனார்கள் நீதிபதிகள். 'நாளைக்கு நீ என்னவாக ஆகக்கூடும்' என்பதை வைத்து ஒருவனை இன்றைக்குத் தண்டிக்க முடியாது. அவன் இன்றைக்கு என்ன செய்துகொண்டிருக்கிறான்? மீன் பிடிக்கிறான். அவ்வளவுதான் கேள்வி. தீர்ப்பில் காண்ட்டைத் தேடவேண்டாம், ஆனால் எனக்கு இது காண்ட்டின் இரண்டாவது சோதனையாகவே கேட்கிறது.

1907-இல் ஹேக் நகரத்தில் இது ஒப்பந்தமாகவே எழுதப்பட்டது. அதில் இன்னொரு வரியும் உண்டு, நான் அதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்: படகின் அப்பாவித் தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதைப் போருக்குப் பயன்படுத்தக்கூடாது. அதாவது மீனவன் வேஷம் போடாதே.

ஏன் கூடாது? முதல் சோதனையைப் போட்டுப் பாருங்கள். 'தேவைப்பட்டால் மீனவன் வேஷத்தில் தாக்கலாம்' என்று எல்லோரும் கிளம்பினால், மீன்பிடி படகை யாரும் நம்பமாட்டார்கள். யாரும் நம்பாதபோது அந்த வேஷத்துக்கே வேலை இல்லை. விதி தன்னைத்தானே தின்றுவிடுகிறது. தின்னும்போது உண்மையான மீனவனையும் சேர்த்துத் தின்கிறது.

[காட்சி: நான்கு புகைபோக்கிகள் கொண்ட பழைய போர்க்கப்பலின் கோட்டோவியம்]

இங்கே எம்டனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 'அவன் சரியான எம்டன்' என்கிறோமே, அதே கப்பல்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டுபோட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். அதற்கு மூன்று புகைபோக்கி. நாலாவதாகப் பொய்யாக ஒன்றைச் செய்து நிறுத்தி, ஆங்கிலக் கப்பல்போல் காட்டி, அக்டோபர் 28-ஆம் தேதி பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஆனால் சுடுவதற்கு முன்னால் ஜெர்மன் கொடியை ஏற்றிவிட்டுத்தான் சுட்டது. போர்ச் சட்டம் இந்தத் தந்திரத்தை அனுமதிக்கிறது. போர்க்கப்பல் இன்னொரு போர்க்கப்பலாக நடித்தது, அடிக்கும் நேரத்தில் வேஷத்தைக் கலைத்தது. எம்டன் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தபோதும் முதலில் ஆட்களை இறக்கிவிடும் என்று எதிரிகளே பாராட்டினார்கள்.

இதற்கு நேர் எதிர் 2008 நவம்பர். மும்பையைத் தாக்க வந்த பத்துப் பேர், குபேர் என்ற குஜராத் மீன்பிடி படகைக் கைப்பற்றி, அதில் இருந்தவர்களைக் கொன்றுவிட்டு, அதிலேயே வந்தார்கள். அதன் விலையை யார் கொடுத்தார்கள்? இங்கே மண்டபத்தில் இருந்து கடலுக்குப் போகிறவர் மீன்துறை டோக்கன், படகுப் பதிவு எண் எல்லாவற்றோடும் கைரேகை பதிந்த அடையாள அட்டையையும் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துப்போகிறார். மும்பை எங்கே, மண்டபம் எங்கே.

காண்ட் இதைத் தன் 71-ஆவது வயதில், 1795-இல், நிலையான அமைதியைப் பற்றி எழுதும்போதே சொல்லிவிட்டார்: நாளை சமாதானம் வரும்போது ஒருவரையொருவர் நம்பவே முடியாதபடி ஆக்கும் எதையும் போரில் செய்யாதே. போருக்கு நடுவிலும் கொஞ்சம் நம்பிக்கையை மிச்சம் வை.

அப்புறம், எச்சரிக்கை. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு பலருக்குத் தெரியும். நெட்டிமையார் பாடியது. பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை இல்லாதவர்கள் எல்லோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், "எம் அம்பு கடிவிடுதும்", அதாவது அம்பை விரைந்து விடப்போகிறோம், என்று சொல்லிவிட்டுப் போர் தொடுப்பது அறம் என்கிறது. அதை மேடையில் பெருமையாகச் சொல்வோம். எனக்கு ஒரு குறை உண்டு. அந்தப் பட்டியலில் வலை இழுக்கிறவனும் ஏர் ஓட்டுகிறவனும் இல்லை. இன்னின்னார் என்பதற்காக விலக்கு. காண்ட் கேட்பது அதற்கு ஒரு படி மேலே: மனிதன் என்பதே போதும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் பாட்டு உறுதி. கேட்கிறவனுக்குப் புரிய வேண்டும். 1977-இல், போர் விதிகளான ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையும் 'பயனுள்ள' முன்னெச்சரிக்கை என்றுதான் எழுதுகிறது. எஞ்சின் இரைச்சலில், தெரியாத மொழியில், ஒலிபெருக்கியில் கத்தியதைக் கணக்கில் சேர்க்கலாமா? அதே நெறிமுறையில்தான் இன்னொரு விதி: ஒருவர் போராளியா, பொதுமகனா என்று சந்தேகம் வந்தால் அவரைப் பொதுமகனாகவே கொள்ள வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும் இந்த நெறிமுறையை இன்னும் முறையாக ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இதெல்லாம் கரையில் உட்கார்ந்து பேச நன்றாக இருக்கும், அந்தப் படகில் குண்டு இருந்தால்?" என்று கமெண்டில் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உயிரைக் காத்துக்கொள்ளச் சுடுவதை இந்த அறவியல் தடுக்கவில்லை. ஆபத்து நிச்சயம் என்றால் சிக்கலே இல்லை. நிச்சயம் இல்லாதபோது அந்தச் சந்தேகத்தின் சுமையை யார் தாங்குவது என்பதுதான் சண்டை. மைக்கேல் வால்ஸர் என்ற அமெரிக்க அறிஞர் சொல்வதை நான் ஏற்கிறேன்: பொதுமக்களைக் காக்கச் சிப்பாய் தன் உயிருக்கு வரும் ஆபத்தில் ஒரு பங்கை ஏற்கத்தான் வேண்டும். கவசமும் சம்பளமும் துப்பாக்கியும் அவனிடம் இருக்கின்றன. படகில் இருப்பவனிடம் ஐஸ் பெட்டி இருக்கிறது.

இதனால்தான் ஆளில்லாத ஆயுதங்கள் எனக்கு உறுத்துகின்றன. தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு ஆபத்தே இல்லை, எனவே பொறுத்துப் பார்க்கலாம் என்பது அதற்கு ஆதரவான நல்ல வாதம். ஆளே இல்லாமல் எந்திரமே முடிவெடுத்துச் சுடும் இடத்துக்குப் போனால் அந்த வாதம் நிற்காது. கூலிக்கு மனிதனைக் கொல்லவும் சாகவும் வைப்பது அவனை எந்திரமாக்குவது என்று அதே 1795 கட்டுரையில் காண்ட் குறைப்பட்டுக்கொண்டார். எந்திரத்தையே அந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். 'மாட்டேன்' என்று சொல்ல முடியாத ஒன்றுக்குக் கடமை எப்படி இருக்கும்?

[காட்சி: பாம்பன் கரை, மாலை. வலை பொத்துகிற ஒருவரின் கைகள். முகம் தெரியவில்லை.]

படப்பிடிப்பு முடிந்து கிளம்பும்போது, வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணே, ராத்திரியில எதிர்ல ஒரு படகு வந்தா யாருன்னு எப்படித் தெரியும்?"

"லைட்டத் தூக்கிக் காட்டுவோம் தம்பி. அவனும் காட்டுவான்."

"காட்டலைன்னா?"

கையை நிறுத்தாமல் சொன்னார். "பேட்டரி தீந்திருக்கும். கிட்டப் போயி கேப்போம், என்னப்பா வேணும்னு."

[காட்சி மங்குகிறது.]