காரீய முத்திரையில் ஆண்டைக் கண்டறிதல்

நேயர்களுக்கு வணக்கம். மின் மீட்டரில் முறுக்கிய கம்பியின் முனையில் தொங்கும் ஈய வில்லையைப் பார்த்திருப்பீர்கள். பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப்) பேரரசில், ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில், ‘கொம்மெர்கியாரியோஸ்’ என்னும் சுங்க அதிகாரிகள் இட்ட காரீய முத்திரைகளும் ஏறக்குறைய அதே வகையைச் சேர்ந்தவை.

தேய்ந்த வில்லையைக் காசு என்று எண்ணிவிடுவது எளிது. ஆகவே முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். முத்திரைக்கென வார்த்த வில்லையின் ஊடே நூல் செல்ல ஒரு துளை இருக்கும். நூலைக் கோத்தபின், இரு முனைகளிலும் உருவம் செதுக்கிய இரும்பு இடுக்கிக்குள் வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். நூல் மட்கிப்போனாலும் துளையின் தடம் பெரும்பாலும் எஞ்சியிருக்கும்.

இவற்றின் ஒரு பக்கத்தில் பேரரசரின் உருவமும், மறுபக்கத்தில் அதிகாரியின் பெயரும், அவர் பொறுப்பிலிருந்த பண்டகசாலை எந்த மாநிலத்துக்குரியது என்பதும் கிரேக்க எழுத்தில் இருக்கும். பலவற்றில் ‘இண்டிக்‌ஷன்’ எண்ணும் உண்டு. அது செப்டம்பரில் தொடங்கும் 15 ஆண்டுச் சுழற்சியில் எத்தனையாவது ஆண்டு என்பதைக் குறிக்கிறது. நம் கல்வெட்டில் பிரபவ, விபவ என்று ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் எந்த அறுபதாண்டுச் சுற்று என்று தெரியாமல் மன்னர் பெயரைத் தேடுகிறோம் அல்லவா? இங்கும் பேரரசரின் உருவமே துணை.

இரண்டாம் ஜஸ்டினியன் காலத்து எட்டாம் இண்டிக்‌ஷன் என்றால் 694-695. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 695-இல் அரியணை இழந்து, சொல்லளவில் அல்லாமல் மெய்யாகவே மூக்கறுபட்ட அந்த மனிதர் 705-இல் திரும்பி வந்து மீண்டும் ஆண்டார். 709-710உம் எட்டாம் இண்டிக்‌ஷன்தான். இரண்டாம் ஆட்சிக் காசுகளில் மகன் திபேரியோஸும் உடன் தோன்றுவதால், முத்திரையில் பேரரசர் தனித்து நிற்பது முதல் ஆட்சிக்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

ஆண்டு எண்ணை மட்டும் படிப்பதற்காக முத்திரையைச் சுரண்டவோ வினிகரில் ஊறவைக்கவோ கூடாது. அசிட்டிக் அமிலத்தின் ஆவியே காரீயத்தை வெண்பொடியாக்கிவிடும். தொட்டபின் கையைக் கழுவுங்கள், காரீயம் நஞ்சு.

694-695ஆம் ஆண்டு முத்திரைகள் சிலவற்றில் ‘ஸ்லாவிய அடிமைகள்’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. அம்மக்கள் விற்கப்பட்டார்களா, படைக்கெனக் குடியமர்த்தப்பட்டார்களா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் உடன்பாடில்லை.