வண்டின் முதுகில் என் ஃப்ளாஷ்

வணக்கம் மக்களே. பூச்சிகளை மிக நெருங்கிப் படம் எடுப்பது பற்றித்தான் பேசப் போகிறேன். இந்தப் பொறிவண்டைக் கொஞ்சம் பாருங்கள், பெரிதாக்கிக் காட்டுகிறேன். சிவப்பு முதுகு, கருப்புப் புள்ளி எல்லாம் சரி. நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு எரிகிறதே, அது வண்டுடையது இல்லை. என் ஃப்ளாஷ்! வண்டின் முதுகு வழவழப்பாக வளைந்த கண்ணாடி மாதிரி. எதிரில் எந்த வெளிச்சம் இருக்கிறதோ அதை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லோரும் லென்ஸைத்தான் கேட்கிறீர்கள். சரி, அதை முதலில் முடித்துவிடுவோம். 100 மி.மீ. மேக்ரோ வாங்குங்கள், அதாவது மிக நெருக்கத்தில் படம் எடுப்பதற்கான லென்ஸ். 60 மி.மீ. மேக்ரோவும் 1:1 தரும், அதாவது பூச்சி அதன் நிஜ அளவிலேயே கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் விழும். ஆனால் அதற்குப் பூச்சியை இன்னும் நெருங்க வேண்டும். லென்ஸின் நிழல் மேலே விழுந்ததுமே தும்பி கிளம்பிவிடும். காசு இல்லையா? கையில் இருக்கும் 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 50 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டினாலும் கிட்டத்தட்ட 1:1 வந்துவிடும். உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய்தான். பூச்சியின் மூக்கில் போய் இடிக்காத குறையாக நெருங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இனி வெளிச்சம். நான் பணத்தையும் பொறுமையையும் தொலைத்த இடம் இதுதான். 1:1-இல் லென்ஸின் துவாரத்தை எஃப்/11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் ஃபோகஸில் நிற்பது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ஈயின் கண் கிடைத்தால் இறக்கை கிடைக்காது. துவாரத்தை இன்னும் சுருக்கி எஃப்/22-க்குப் போனால் படமே மழுங்கிவிடும், ஏனென்றால் இந்த நெருக்கத்தில் எஃப்/11 என்பதே எஃப்/22 மாதிரிதான் வேலை செய்கிறது. வெளிச்சமும் அதற்கேற்பக் குறைந்துவிடும். அதனால்தான் ஃப்ளாஷ். ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200, ஃப்ளாஷ் முழு பவரில் 1/16 அல்லது 1/32 பங்கு. பவர் குறையக் குறைய மின்னும் நேரமும் சுருங்கும். கை நடுக்கம் படத்தில் தெரியாது.

முதலில், லென்ஸைச் சுற்றி வளையமாக மாட்டும் ரிங் ஃப்ளாஷ் வாங்கினேன். எந்தப் பூச்சியை எடுத்தாலும் கண்ணில் ஒரு வெள்ளை வளையம். விற்றுவிட்டேன். இப்போது கையில் இருப்பது இதுதான்: பார்சலில் சுற்றி வருமே, மெல்லிய வெள்ளை ஃபோம், அதில் இரண்டு துண்டு, ஃப்ளாஷுக்கும் பூச்சிக்கும் நடுவில் வைக்க. பூச்சியின் பார்வையில் இந்த ஷீட் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. உள்ளங்கை அகல ஷீட் ஐந்து செ.மீ. தூரத்தில் இருந்தால் அதற்கு வானம் முழுக்க வெளிச்சம். அதையே அரை மீட்டர் தள்ளி வைத்தால் மறுபடியும் பழைய பொட்டுதான். இரண்டு துண்டையும் ஒட்டி வைக்காதீர்கள். நடுவில் இடம் விட்டால்தான் முதல் ஷீட் பரப்பும் வெளிச்சம் இரண்டாவதில் சீராக விழும்.

இதோ அடுத்த படம், அதே வண்டு. முதுகில் இருக்கும் நுணுக்கமான குழிகள்கூடத் தெரிகின்றன பாருங்கள். இன்னும் நடுவில் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது, ஷீட்டுகளின் இடைவெளியைக் கூட்ட வேண்டும். கூட்டி முடிப்பதற்குள் வண்டு பறந்துவிட்டது. நாளைக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் வருகிறேன், குளிரில் வண்டால் இவ்வளவு சுறுசுறுப்புக் காட்ட முடியாது.