கசத்து மணல்

நேயர்களுக்கு என் வணக்கம். பத்து நிமிடம் பேச வேண்டும், பொருளை நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று திருநெல்வேலி வானொலி நிலையத்தார் கேட்டபோது, என்ன பேசுவது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தப் பத்து நிமிடம் எந்த நாளில் எனக்குக் கிடைக்கும் என்றுதான் கைப்பேசியில் தேடினேன். தேடி முடித்தபோது, பேச வேண்டிய பொருள் இதுவே என்று தோன்றியது. எனக்கு வயது 29. சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே, தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில் வளர்ந்தவன். இப்போது சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதில் இஷ்டப்படி திரிந்தோம், இன்று மூச்சுவிட நேரமில்லை என்று என் வயதுக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்வதுண்டு. அந்தப் பேச்சை இன்று கொஞ்சம் உரசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வேலையில் டைம்ஷீட் என்று ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மாலைக்குள், அந்த வாரத்தில் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டேன் என்பதைக் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மின்னஞ்சல் வரும். வேலை செய்வது கூடக் கடினமில்லை. செய்த வேலைக்குக் கணக்கு எழுதுவதுதான் கடினம் என்பதை இந்தத் துறையில் இருக்கும் நேயர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஐந்து நிமிடம் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்திருந்தால், அந்த ஐந்து நிமிடத்தை எந்தக் கட்டத்தில் போடுவது?

அதோடு, என் நாளின் நேரத்தைத் தீர்மானிக்கும் கடிகாரமே என் ஊரில் இல்லை. எங்கள் வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருக்கிறார். அவருக்குக் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை ஆறரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்ததும் அதே கூட்டம் இரவு ஏழரைக்குத் தள்ளிப்போகும். மார்ச்சில் மறுபடியும் ஆறரைக்கு வரும். எங்கோ ஒரு நாட்டில் கடிகாரத்தைத் திருப்பினால், சோழிங்கநல்லூரில் ஓர் அறையில் சோறு ஆறிப்போகிறது. இன்னொரு வேடிக்கை: கையில் வேலை எதுவும் இல்லாமல் காத்திருப்பவரை எங்கள் அலுவலகத்தில் 'பெஞ்சில் இருக்கிறார்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் மேல் ஏறி நிற்பது தண்டனையாக இருந்தது. இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதே வயிற்றைக் கலக்குகிறது.

இனி ஆற்றுக்கு வருகிறேன். நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

எங்கள் படித்துறைக்குச் சற்றுக் கிழக்கே ஆறு வளையும் இடத்தில் ஒரு கசம் உண்டு. கசம் என்றால் ஆற்றில் நிலைகொள்ளாத ஆழமுள்ள மடு என்பது இந்தப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கயம் என்ற பழஞ்சொல்தான் எங்கள் வாயில் கசமாகி இருக்க வேண்டும். கரையில் ஒரு மருத மரம் தண்ணீரின் மேல் கிளையை நீட்டிக்கொண்டு நிற்கும். 2003ஆம் ஆண்டு மே மாதம், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, என்னைவிட நான்கு வயது மூத்த என் அக்காள்தான் எனக்கு அங்கே முங்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். கிளையிலிருந்து குதிக்க வேண்டும். மூச்சை அடக்கிக் கீழே போக வேண்டும். அடியில் கிடக்கும் மணலை ஒரு கை அள்ளிக்கொண்டு மேலே வந்து, கையை விரித்துக் காட்ட வேண்டும். மணலைக் காட்டினால்தான் கணக்கு. வெறுங்கையோடு வந்து, தரையைத் தொட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தாலும் எடுபடாது. முதல் பத்து நாள் எனக்குப் பாதித் தூரத்திலேயே காது அடைத்துக்கொள்ளும். ஒருநாள் கரையோரம் இருந்த மணலைக் கைக்குள் வைத்துக்கொண்டே குதித்து, மேலே வந்து காட்டினேன். அக்காள் அதை வாங்கி விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, 'எலே, கசத்து மண்ணு இவ்வளவு பொடியா இருக்காது' என்றாள். ஆழத்து மணல் பருமனாக, நறநறவென்று இருக்கும். கரை மணல் மாவு போல இருக்கும். அந்த வேற்றுமையை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மாதக் கடைசியில்தான் உண்மையான மணல் என் கைக்கு வந்தது. அதைக் காட்டுவதற்குள் பாதி விரலிடுக்கில் வழிந்துவிட்டது என்றாலும், மீதியை அக்காள் ஒப்புக்கொண்டாள்.

இதில் எனக்குள்ள பெரிய ஆச்சரியம், இந்த விளையாட்டு எங்களுடையது அன்று என்பதுதான். கல்லூரியில் படிக்கும்போது புறநானூற்றின் 243ஆம் பாட்டு தற்செயலாகக் கண்ணில் பட்டது. தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. கோலூன்றி நடந்து, இருமலுக்கு நடுவே இரண்டொரு சொல் பேசுகிற ஒரு முதியவர், தம் இளமையை நினைத்து வருந்துகிறார். நீர்த்துறையில் தாழ்ந்த மருதங்கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்கும்படி ஆழத்தில் குதித்து, மூழ்கி, மணலை எடுத்து வந்த அந்த இளமை இப்போது எங்கே போயிற்று என்கிறார். மருத மரம், கிளை, ஆழம், கைநிறைய மணல் என எங்கள் கசத்தில் இருந்தது அத்தனையும் அதில் இருந்தது. இத்தனை நூற்றாண்டுகளாக எந்த வகுப்பும் எந்தப் பயிற்சியாளரும் இல்லாமல், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தே இது வந்திருக்கிறது. அந்தப் புலவர் ஊன்றுகோல் பிடித்த வயதில் வருந்தினார். நாங்கள் 29 வயதிலேயே தொடங்கிவிட்டோம் என்பதுதான் எனக்குச் சற்று வெட்கமாக இருக்கிறது.

மறுபடியும் கணக்குக்கு வருகிறேன். அந்த மே மாதத்தில் காலையில் பழையது குடித்துவிட்டுப் புறப்பட்டால், பொழுது சாய மீட்டர் கேஜ் ரயில் ஊதும் சத்தம் கேட்டுத்தான் வீட்டு நினைப்பு வரும். எங்கே போனாய், என்ன செய்தாய் என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் யாரும் கேட்கவில்லை என்பதால் யாருக்கும் தெரியாது என்று ஆகிவிடாது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு எந்தப் பிள்ளை முங்கியது, முங்கிய பிள்ளை எழுந்ததா என்பது தெரியும். ஆச்சிக்கு எங்கள் தலைமுடி காய்ந்திருந்தாலும் தெரியும். தாத்தா இதே வானொலியில் அணைகளின் நீர்மட்டம் சொல்லும்போது காதைக் கூர்மையாக்கிக்கொள்வார். பாபநாசம் அணை 143 அடி. நீர்மட்டம் அதை நெருங்குகிறது என்று கேட்டுவிட்டால், மறுநாள் ஆற்றுப் பக்கம் போகக்கூடாது. நாங்கள் கட்டுப்பாடே இல்லாமல் திரிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு தெருவே எங்களை மேய்த்துக்கொண்டிருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கணக்கு இல்லாமல் நான் திரிந்த அதே வீட்டில், என் அம்மா கணக்கோடு வாழ்ந்தார். எங்கள் வட்டாரத்தில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் பீடி சுற்றித்தான் சோறு. மடியில் சொளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இருபத்தைந்து கொண்ட கட்டுகளாகக் கட்டி மாலையில் கடைக்குக் கொண்டுபோனால், எண்ணிப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துவிட்டு, மீதியை அட்டையில் குறிப்பார்கள். கழிந்ததற்குக் கூலி கிடையாது. அம்மாவின் அட்டையும் ஒரு டைம்ஷீட்தான் என்பது, எனக்கென்று ஒரு டைம்ஷீட் வந்த பிறகே உறைத்தது. அந்த அட்டை நிரம்பிக்கொண்டிருந்ததால்தான் என் மே மாதம் காலியாக இருந்தது.

அக்காளின் மே மாதம் அதற்கடுத்த ஆண்டு முடிந்துபோயிற்று. பன்னிரண்டு வயதில் அவள் பெரியவளானாள்; சடங்கு நடந்தது; அதன் பிறகு அவள் கசத்துக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தகட்டை வைத்து இலை வெட்டினாள். எங்கள் கூட்டத்தில் அவளைப் போல ஆழம் போகக்கூடியவர் யாருமில்லை. ஆனால் அவள் ஏன் வரவில்லை என்று நான் ஒருநாள்கூடக் கேட்டதாக நினைவில்லை. நான் என் மணலில் மும்முரமாக இருந்தேன். ஆகவே, அந்தக் காலம் சுதந்திரமானது என்று என் நண்பர்கள் பேசும்போது, யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது என்பதால் பெரும்பாலும் கேட்பதில்லை. இன்று அக்காள் தென்காசியில் தையற்கடை வைத்திருக்கிறாள். தன் நேரம் தன் கையில் இருப்பது இந்த 33 வயதில்தான் என்று அவள் சொல்லுகிறாள். எனக்கு நேர்ந்ததற்கு நேர் எதிர்.

செல்லாங்குச்சி விளையாட்டைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து இன்னும் ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள்; அந்தப் பக்கங்கள் பையிலேயே இருக்கட்டும். கடைசியாக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சென்ற மே மாதம் மூன்று நாள் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு விடியற்காலையில் அக்காளும் நானும் படித்துறைக்குப் போனோம். மருத மரம் இருக்கிறது, கிளை இல்லை. நான் இரண்டு முறை முங்கினேன், இரண்டு முறையும் காது அடைத்துப் பாதியிலேயே திரும்பினேன். அக்காள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து வந்து கையை விரித்தாள். நான் வாங்கி விரலால் நெருடிப் பார்த்தேன். பருமணல். நன்றி, வணக்கம்.