ஓட்டை இருந்த எடத்துல மூஞ்சி ஒட்டி வெச்சுட்டாங்க!

மக்களே, வணக்கம். வழக்கமா டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்துதான் பேச ஆரம்பிப்பேன், உங்களுக்கே தெரியும். இன்னைக்கு டீ எல்லாம் அப்புறம். மொதல்ல இந்தப் படத்தப் பாருங்க. கிட்ட காட்டுறேன். 12க்கு 18 சைஸு, மேட் பேப்பர். அமெரிக்காவுல 1930கள்ல எடுத்த ஒரு விவசாயி படம். தோள்ல பட்டி வெச்ச வேலை உடுப்பு, பின்னாடி பலகை அடிச்ச கொட்டகை. இப்ப மூஞ்சியப் பாருங்க. சிரிக்கிறாரு. பல்லு பளபளன்னு இருக்கு.

இந்த மூஞ்சி அவரோடது இல்ல. இப்படி ஒரு ஆளு உலகத்துல பொறக்கவே இல்ல.

நான் லேபுக்குக் குடுத்த ஃபைல்ல இந்த எடத்துல ஒரு கருப்பு வட்டம் இருந்துச்சு. கன்னங்கரேல்னு, காம்பஸ் வெச்சு வரஞ்ச மாதிரி. "கிழிஞ்ச படம் போல"ன்னு லேபுல அவங்களே முடிவு பண்ணி, ஏ.ஐ.ல போட்டு வட்டத்த எடுத்துட்டு ஒரு மூஞ்சிய நட்டு வெச்சிருக்காங்க. கவர் மேலயே எழுதிக் குடுத்தேன் மக்களே, "கரெக்ஷன் வேண்டாம், கிராப் வேண்டாம்"னு. செவப்பு மார்க்கர்ல!

அதுக்கு மேல பில்லு. பிரின்ட்டுக்கு 120 ரூபா. சரி, நியாயமான வெல. கீழ தனியா ஒரு வரி: "ரெஸ்டோரேஷன் 250". வேண்டாம்னு எழுதிக் குடுத்த வேலைக்கு, பிரின்ட்டு வெலையவிட டபுளுக்கு மேல. கடை பேரு சொல்ல மாட்டேன், கமென்ட்ல கேக்காதீங்க. அந்த அண்ணன் நல்ல மனுஷன், நம்ம ஆல்பம் வேலையெல்லாம் அங்கதான் போகும். ஆனா அந்த 250 ரூபாய நான் குடுக்கல. பில்லத் திருப்பி வெச்சுட்டு, "அண்ணே, இந்த வட்டம் ஏன் இருக்குன்னு ஒரு அஞ்சு நிமிஷம் கேளுங்க"ன்னு ஆரம்பிச்சேன். அவருகிட்ட சொன்னதத்தான் இப்ப உங்ககிட்டயும் சொல்லப் போறேன், இன்னும் கொஞ்சம் விரிவா.

போட்டோகிராஃபர் டோரதியா லேங் பத்தி நான் போட்ட வீடியோ பாத்தவங்களுக்கு எஃப்.எஸ்.ஏ. தெரிஞ்சிருக்கும். பாக்காதவங்களுக்காக ரெண்டு வார்த்த. அமெரிக்காவுல பெரும் பொருளாதார வீழ்ச்சி, மண்ணெல்லாம் புழுதியாப் பறந்து விவசாயம் படுத்துப் போன காலம். 1935ல ரீசெட்டில்மென்ட் அட்மினிஸ்ட்ரேஷன்னு ஒரு அரசுத் துறை வந்துச்சு. அதுதான் 1937ல ஃபார்ம் செக்யூரிட்டி அட்மினிஸ்ட்ரேஷன், எஃப்.எஸ்.ஏ., ஆச்சு. கிராமத்துல ஜனங்க எப்படி இருக்காங்கன்னு நாட்டுக்குக் காட்டுறதுக்காக உள்ளயே ஒரு போட்டோ பிரிவு. அதுக்குத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். கொலம்பியா யுனிவர்சிட்டில எகனாமிக்ஸ் சொல்லிக் குடுத்தவரு, போட்டோகிராஃபர் கெடையாது. அவருக்குக் கீழ வேலை பாத்தவங்க பட்டியல் இருக்கே: வாக்கர் எவன்ஸ், டோரதியா லேங், ஆர்தர் ராத்ஸ்டைன், ரஸ்ஸல் லீ, பென் ஷான், மேரியன் போஸ்ட் வோல்காட், ஜாக் டெலானோ, கோர்டன் பார்க்ஸ். ஒரே ஆபீஸ்ல இவ்வளவு பேரு! இன்னைக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல அந்தத் தொகுப்புல மட்டும் சுமார் 1,75,000 கருப்பு வெள்ளை நெகட்டிவ் இருக்கு.

படமெல்லாம் ஊர் ஊராப் போயி எடுத்து, ஃபிலிம வாஷிங்டனுக்கு அனுப்புவாங்க. அங்க ஸ்ட்ரைக்கர் பாத்து எது தேறும், எது தேறாதுன்னு பிரிப்பாரு. தேறாததை என்ன பண்ணுவாரு? பஞ்ச் மிஷின எடுத்து நெகட்டிவ்லயே ஓட்டை. ட்ரெயின் டிக்கெட்ல டி.டி.ஆர். ஓட்டை போடுவாருல்ல, அதே மாதிரி டக்குனு. இனிமே அந்தப் படத்த யாரும் முழுசாப் பிரின்ட் போட முடியாது. சில படத்துல ஓட்டை வானத்துல இருக்கு. சில படத்துல வயலு நடுவுல. சில படத்துல மனுஷன் மேலயே.

கருப்பா ஏன் தெரியுதுன்னு லேப் அண்ணன் கேட்டாரு, நல்ல கேள்வி. நெகட்டிவ்ல ஓட்டை விழுந்த எடத்துல ஃபிலிமே இல்ல, வெளிச்சம் தடையே இல்லாம உள்ள போகும். பேப்பர்ல வெளிச்சம் எவ்வளவு விழுதோ அவ்வளவு கருப்பாகும். அதனால எதுவுமே இல்லாத எடம் பிரின்ட்ல முழுக் கருப்பு. பழைய டார்க்ரூம் ஆளுங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு.

கூட வேலை பாத்தவங்களே இதை எதுத்தாங்க. பென் ஷான் எதுத்தாரு, எட்வின் ராஸ்கம் எதுத்தாரு. 1939 வாக்குல பஞ்ச் பண்றது நின்னுச்சு. அதுக்குள்ள எத்தனையோ படம் போயிடுச்சு.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன், முக்கியமானது. எல்லா நெகட்டிவும் இப்படி ஆகல. ஓட்டை விழுந்தது பெரும்பாலும் 35 மி.மீ. ஃபிலிம்லதான். ஒரே எடத்துல வரிசையா பல ஷாட் அடிப்பாங்கல்ல, அதுல ஒண்ண வெச்சுக்கிட்டு மிச்சத்த ஒதுக்குறது. எந்த எடிட்டரும் செய்யுற வேலைதான். நானும் கல்யாணத்துல எடுத்துட்டு வந்து பாதிக்கு மேல ஒதுக்குறேன். ஒதுக்குறது வேற, அழிக்கிறது வேற. அந்தாளு அழிச்சாரு, அதத்தான் என்னால ஒத்துக்க முடியல.

தேர்வான படத்துக்கு ஊர் பேரு, தேதி, யாரு என்னன்னு கேப்ஷன் எழுதி ஃபைல் பண்ணிடுவாங்க. ஒதுக்குன படத்துக்கு அது எதுவுமே எழுதல. அதனால லைப்ரரி சைட்ல போயி இந்த மாதிரி படத்தத் திறந்தீங்கன்னா, தலைப்பு இல்லாத படம், இன்ன படத்தோட தொடர்புடையதா இருக்கலாம்னுதான் போட்டிருக்கும். பக்கத்து ஃபிரேம வெச்சு ஊகிச்சுப் போட்டது. இந்த விவசாயிக்கும் அதே கதிதான். பேரும் இல்ல, மூஞ்சியும் இல்ல. தொண்ணூறு வருஷம் கழிச்சு நம்ம ஊர் சாஃப்ட்வேர் வந்து எவனோ ஒருத்தன் மூஞ்சிய மாட்டி விட்டுருக்கு. இதத்தான் எனக்குத் தாங்க முடியல. அந்த வட்டம் கறையில்லைங்க. ஒரு அரசாங்க ஆபீஸ் அந்த மனுஷன் படத்த என்ன பண்ணுச்சுங்கறதுக்கு அதுதான் சாட்சி.

இப்ப நீங்க கேப்பீங்க, போன லேங் வீடியோல கமென்ட்லயும் ரெண்டு மூணு பேரு கேட்டிருந்தீங்க: "லேங்கே ரீடச் பண்ணவங்கதானே?" ஆமா. 'மைக்ரன்ட் மதர்' படம். 1936, கலிஃபோர்னியா, நிபோமோ ஊருல பட்டாணி பறிக்க வந்தவங்க கூடாரம். பனியில பட்டாணி போயிடுச்சு, வேலை இல்ல. ஒரு அம்மா, ரெண்டு தோள்லயும் பிள்ளைங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, மடியில கைக்குழந்தை. வலது பக்கம் கீழ் மூலையப் பாருங்க, கூடாரத்துக் கம்பு மேல ஒரு கட்டைவிரல் இருந்துச்சு. கண்ண உறுத்துதுன்னு லேங் அதை நெகட்டிவ்லயே மறைக்க வெச்சாங்க. இன்னைக்கும் பெரிய ஃபைல டவுன்லோட் பண்ணி ஜூம் போட்டீங்கன்னா அந்த விரல் பேயாட்டம் மங்கலாத் தெரியும். இதுக்குக் கோவப்பட்டவரு யாருங்கறீங்க? ஸ்ட்ரைக்கர்! ஆயிரக்கணக்குல ஓட்டை போட்டவருக்கு ஒரு கட்டைவிரல் போனது பொறுக்கல. இத மொதல்ல படிச்சப்ப எந்திரிச்சு ரூமுக்குள்ள நடக்க ஆரம்பிச்சுட்டேன்.

லேங் எனக்கு உசுரு. ஆனாலும் அந்த விரல எடுத்தது தப்புன்னுதான் சொல்வேன். அதவிடப் பெரிய தப்பு, அந்த அம்மா பேர அவங்க கேக்காம விட்டது. நாடே பாத்த படம், நாப்பது வருஷத்துக்கு மேல அந்த அம்மா யாருன்னே தெரியாது. 1978லதான் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்னு வெளிய வந்துச்சு. அமெரிக்கப் பூர்வகுடிகள்ல செரோக்கி இனத்தவங்க, அதுவும் அப்புறம்தான் தெரிஞ்சுது. கார் டயர வித்து சாப்பிட்டாங்கன்னு லேங் எழுதி வெச்சதுகூட உண்மையில்லன்னு அந்தக் குடும்பம் சொல்லிடுச்சு. படத்தால தனக்கு ஒரு பைசா வரலன்னு அந்த அம்மாவே சொன்னாங்க.

இந்தப் படத்துக்குக் கலர் அடிச்சு ரீல்ஸ்ல விடுறாங்கல்ல, கண்ணு சிமிட்டுற மாதிரி வேற. எனக்கு அனுப்பாதீங்க. பாக்க மாட்டேன்.

ஸ்ட்ரைக்கர முழுசாத் திட்டவும் முடியாது, அதயும் சொல்லிடணும். 1942ல கோர்டன் பார்க்ஸ் வாஷிங்டனுக்கு வந்து சேர்றாரு, கறுப்பின இளைஞர். ஸ்ட்ரைக்கர் அவரக் கேமராவ வெச்சுட்டுப் போகச் சொன்னாரு. ஹோட்டல்ல சாப்பிடு, கடையில கோட்டு வாங்கு, சினிமாவுக்குப் போன்னாரு. போன எடத்துல எல்லாம் கறுப்பினத்தவருன்னு ஒதுக்குனாங்க. கொதிச்சுப் போயித் திரும்பி வந்தவர்கிட்ட, இந்தக் கட்டடத்துலயே கூட்டித் துடைக்கிற அம்மா இருக்காங்க, போயிப் பேசுன்னாரு. அந்த அம்மா பேரு எல்லா வாட்சன் (Ella Watson). பெரிய அமெரிக்கக் கொடி பின்னாடி தொங்குது, ஒரு கையில தொடப்பம், பக்கத்துல மாப்பு. அவங்க பேரு நமக்குத் தெரியும் பாருங்க. பார்க்ஸ் ஒரு படத்தோட நிக்கல, வீட்டுக்கு, பேரப்பிள்ளைங்க கிட்ட, சர்ச்சுக்குன்னு கூடவே போயி எடுத்தாரு.

அதே 1942ல லேங்குக்கு நடந்தது இன்னும் கொடுமை. ஜப்பானிய அமெரிக்கர்கள மூட்ட முடிச்சோட பிடிச்சு முகாம்ல அடைச்சாங்கல்ல, அதைப் படம் எடுக்க அரசாங்கமே அவங்கள அனுப்புச்சு. எடுத்த படத்தப் பாத்துட்டு ராணுவம் எடுத்து உள்ள வெச்சுடுச்சு, போர் முடியுற வரைக்கும் வெளிய விடல. அந்த முகாம்கள்ல ஒண்ணான மன்சனார்ல எடுத்த படங்களுக்குத் தனி வீடியோ போடுறேன், இதுல அவசரமாச் சொல்லிட்டுப் போக மனசு வரல.

இதுக்கெல்லாம் பதில் மாதிரி இப்ப ஒருத்தங்க வேலை செய்யுறாங்க. போட்டோகிராஃபர் லாட்டோயா ரூபி ஃப்ரேசியர். 1982ல பொறந்தவங்க, பென்சில்வேனியாவுல பிராடாக். ஆண்ட்ரூ கார்னகியோட ஸ்டீல் ஆலை 1875ல ஆரம்பிச்ச ஊரு. ஆலையால வளந்த ஊரு, அப்புறம் ஆள் கொறஞ்சு காத்து வாங்குது, 2010ல ஆஸ்பத்திரியும் மூடிட்டாங்க. அங்க இவங்க பாட்டிய, அம்மாவ, தன்னையே வருஷக்கணக்கா எடுத்தாங்க. சில படத்துல கேமரா அம்மா கையில. வெளிய இருந்து யாரும் என்ன எடுக்கணும்னு எழுதி அனுப்பல, எது தேறும்னு பிரிக்க மேல ஒரு ஆபீஸர் இல்ல.

2016ல மிச்சிகன்ல ஃபிளின்ட்டுக்குப் போனாங்க, குழாய்த் தண்ணியில ஈயம் கலந்த ஊரு. ஒரே குடும்பத்தோட கூடவே இருந்து எடுத்தாங்க, அது வருஷக்கணக்குல நீண்டுச்சு. காத்துல இருந்து தண்ணி எடுக்குற மிஷினு அந்த ஊருக்கு வர்றதுக்குப் படங்களால வந்த காச குடுத்தாங்க. 'மைக்ரன்ட் மதர்' அம்மாவுக்குப் படத்தால ஒரு பைசா வரலன்னு இப்பதான் சொன்னேன், இங்க தண்ணியே வந்துச்சு! அப்புறம் ஒஹாயோ, லார்ட்ஸ்டவுன். 2019 மார்ச்சுல ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில கடைசி செவர்லே க்ரூஸ் கார் வெளிய வருது. அந்தத் தொழிலாளிங்கள ஒவ்வொருத்தரா வீட்டுல போயி எடுத்து, படத்தோட அவங்க சொன்னத அவங்க வார்த்தையிலேயே மாட்டி வெச்சாங்க. எத்தன வருஷ சர்வீஸு, எந்த ஊருக்கு மாத்திட்டாங்க, பிள்ளைங்க படிப்பு என்னாச்சு. ஸ்ட்ரைக்கர் ஃபைல்ல கேப்ஷனே இல்லாமக் கெடக்குற ஆளுங்கள நெனச்சுக்கிட்டே இதப் படிங்க.

சரி, பிரின்ட் கதைய முடிச்சுடுறேன். இவ்வளவும் கேட்டுட்டு லேப் அண்ணன் ஒண்ணும் பேசல. பில்ல வாங்கி அந்த 250 வரியப் பேனாவால அடிச்சாரு. ஒரிஜினல் ஃபைல அவரே கம்ப்யூட்டர்ல திறந்து, ஆட்டோ கரெக்ஷன ஆஃப் பண்ணி, காத்திருக்கச் சொல்லி மறுபடி போட்டுக் குடுத்தாரு. இதோ. இந்தக் கருப்பப் பாருங்க மக்களே! இங்க் திட்டுத் திட்டா இல்லாம, ஓரம் கத்தரிச்ச மாதிரி சுத்தமா வந்திருக்கு. மேட் பேப்பர்ல இவ்வளவு ஆழமான கருப்பு வரும்னு நான் எதிர்பாக்கல. 120 ரூபாய்க்கு! கொஞ்சம் இருங்க, லைட்ட இந்தப் பக்கம் திருப்புறேன்... ஆங், இப்பத் தெரியுதா? மேல விரல வெச்சாக்கூட ஓட்டை மாதிரியே இருக்கு.

டவுன்லோட் பண்றவங்களுக்கு: எஃப்.எஸ்.ஏ. படமெல்லாம் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல இலவசம், அரசாங்க வேலைங்கறதால காப்பிரைட் பிரச்சனையும் இல்ல. ஜேபெக் எடுக்காதீங்க, டிஃப் ஃபைல எடுங்க, பெருசா இருக்கும், பரவால்ல. லேபுல குடுக்கும்போது எழுதிக் குடுத்தா மட்டும் பத்தாது, ஆபரேட்டரப் பாத்து வாயால சொல்லிட்டு வாங்க. லிங்க் கீழ இருக்கு. அடுத்த வாரம் லார்ட்ஸ்டவுன் படங்கள ஒவ்வொண்ணா எடுத்து வெச்சுப் பேசுறேன், அதுக்கு டீயோட வர்றேன்.