பிள்ளை பேசட்டும், ஆசிரியர் கேட்கட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

உயிரியலை மாணவருக்குத் தெளிவாகப் புரியவைப்பது வகுப்பறையா, வீட்டில் ஒருவருக்கு ஒருவர் தரும் தனிப்பயிற்சியா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கிவிட்டுப் போனார். உயிரியல் மனப்பாடப் பாடம், அதற்குத் தனி ஆசிரியர் வீண் என்றார். தனிப்பயிற்சி பிள்ளையைச் சோம்பேறியாக்கும் என்றார். வீட்டில் நுண்ணோக்கி உண்டா என்று கேட்டார்.

நுண்ணோக்கி இல்லைதான், அம்மா. செல்லைப் பார்க்க ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அந்த ஒரு மதிப்பெண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மனப்பாடப் பாடம் என்றீர்களே, அங்கேதான் எனக்கு வழக்கு. கணக்கில் பிள்ளை தவறாகப் புரிந்துகொண்டால் பெரும்பாலும் விடையே காட்டிக்கொடுத்துவிடும். உயிரியலில் தவறு சரியான சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். 'இரட்டைச் சுற்றோட்டம்', அதாவது ஒரு முழுச் சுற்றில் ரத்தம் இதயத்தை இரண்டு முறை கடப்பது, என்ற கேள்விக்கு ஒரு மாணவன் புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எழுதுவான், முழு மதிப்பெண் வாங்குவான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நுரையீரலுக்குப் போன ரத்தம் அடுத்து எங்கேப்பா போகும்?" என்று கேளுங்கள். "நேரா உடம்புக்குப் போகும் சார்" என்பான். அவன் மனதில் இருப்பது ஒற்றைச் சுற்று. விடைத்தாளில் இருப்பது இரட்டைச் சுற்று!

நல்ல பயிற்றுநர் உடனே திருத்த மாட்டார். "இதயத்தின் இடது கீழறையான வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் வலதைவிடத் தடிமனாக இருக்கிறது?" என்று இன்னொரு கேள்வி போடுவார். பிள்ளை யோசிக்கும், தப்பாகச் சொல்லும், மறுபடி யோசிக்கும். நுரையீரலின் நுண்குழாய்களைக் கடந்த ரத்தத்தில் அழுத்தம் குறைந்துவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி இன்னொரு முறை உந்தப்பட்டால்தான் கால் விரல்வரை போய்ச் சேரும். இந்த இடத்துக்குப் பிள்ளை தானாக வந்து சேர பத்து நிமிடம் ஆகலாம். வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் மற்ற முப்பத்தொன்பது பேர் என்ன செய்வார்கள்? அது ஆசிரியரின் குறை இல்லை, நடுவரே. கடிகாரத்தின் குறை.

இன்னொன்று. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளையிடம், "மரத்துக்கு இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் "மண்ணிலிருந்து" என்பார்கள். வான் ஹெல்மான்ட் என்ற அந்தக்கால வேதியியலாளர் ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் வைத்து ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 164 பவுண்டு கூடியது; மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். 1648-இல் அச்சான கதை இது. அவரும் எல்லாமே தண்ணீரிலிருந்து வந்ததென்று முடித்துவிட்டார். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதருக்கே சறுக்கிய இடத்தில் நம் பிள்ளையைத் தனியாக விடலாமா?

அடுத்து, சோம்பேறிப் பட்டம். கற்றலை ஆராயும் மிச்செலின் சீ குழுவினரின் ஆய்வு 2001-இல் வெளிவந்தது. அதில் எடுத்துக்கொண்ட பாடமே மனித ரத்த ஓட்டம். படித்தவர்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள். "நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள், பிள்ளையைப் பேசவையுங்கள்" என்று பயிற்றுநர்களிடம் சொன்னார்கள். அப்படிப் படித்த பிள்ளைகள், விளக்கம் கேட்டுப் படித்தவர்களுக்குச் சற்றும் சளைக்கவில்லை. தனிப்பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான். வீட்டுக்கு வந்து நோட்ஸ் கொடுத்து ஒப்பிக்கச் சொல்கிறவரை எதிரணியே தாராளமாக அழைத்துக்கொள்ளட்டும்!

கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதியதையும் சொல்லிவிடுகிறேன். தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரைத் தாண்டினார் என்பது அவர் கணக்கு. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை அளக்கும் 'திட்டவிலக்கம்' என்ற அலகில் சொன்னால், அது ஏறக்குறைய 2. எதிரணி வீசுமுன் மறுபக்கத்தையும் நானே சொல்கிறேன்: அங்கே கற்பித்தது உயிரியல் அல்ல; அதோடு, தேர்ச்சி பெறும்வரை திரும்பத் திரும்பச் சோதித்துத் திருத்தும் முறையும் சேர்ந்திருந்தது. 2011-இல் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்தப் பயன் பாதிக்கும் கீழே, 0.79 திட்டவிலக்கம் என்று வந்தது. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். அப்போதும் சராசரிப் பிள்ளை நூறில் ஏறக்குறைய 78 பேரைத் தாண்டி நிற்கிறதே! இதைச் சிறிய பயன் என்று எதிரணி சொல்லுமா?

நடுவர் மணியைப் பார்க்கிறார். எதிரணித் தலைவர் அடுத்து வரப்போகிறார், அவருக்கு ஒரே கேள்வி. நாற்பது பேர் வகுப்பில் ஒரு பிள்ளை கை தூக்குவதில்லை, சந்தேகம் கேட்பதில்லை, தேர்வில் எல்லாம் சரியாகவே எழுதுகிறது. அதன் மனதில் ரத்தம் ஒற்றைச் சுற்றில்தான் ஓடுகிறது என்பதை உங்கள் வகுப்பறை எந்த நாளில், எப்படிக் கண்டுபிடிக்கும்? அதை மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள், ஐயா. நன்றி, வணக்கம்.