கார் நின்று வழிவிட்டதா? அடுத்த லேனைப் பாருங்கள்!

(திரையில்: நான்கு லேன் சாலை, மேலிருந்து. ஓரத்தில் ஒருவர் நிற்கிறார்.)

இந்த மனிதரைப் பாருங்கள். வெள்ளைக் கோடு போட்ட இடத்தில்தான் நிற்கிறார். அவசரப்படவில்லை, கையில் போனும் இல்லை. முதல் லேனில் வந்த கார் நிற்கிறது. உள்ளே இருப்பவர் சிரித்த முகத்தோடு 'போங்க, போங்க' என்று கை காட்டுகிறார். இவரும் தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டுக் காலை எடுத்து வைக்கிறார்.

வீடியோவை இங்கேயே நிறுத்துகிறேன். இதுவரை தப்பு செய்தவர் யார்? யாருமே இல்லை. ஆனாலும் அடுத்த சில நொடிகளில் இவர் உயிர் போகலாம்.

வணக்கம். இன்று அமெரிக்கச் சாலைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். 2009-ல் அங்கே வண்டி மோதி இறந்த பாதசாரிகள் 4,109 பேர். 2022-ல் அது 7,500-ஐத் தாண்டிவிட்டது. இதைச் சொன்னதும் பலர் வாயில் முதலில் வரும் வார்த்தை 'ஜேவாக்கிங்'. கண்ட இடத்தில் ரோட்டைக் கடந்தால் இப்படித்தான் ஆகும் என்பார்கள்.

அந்த வார்த்தையின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஜே' என்றால் அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சில் பட்டிக்காட்டான். கார் வருவதற்கு முன் தெரு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. குழந்தைகள் விளையாடினார்கள், தள்ளுவண்டிக்காரர்கள் வியாபாரம் செய்தார்கள். கார் வந்தது, சாவுகள் கூடின. 1923-ல் சின்சினாட்டி நகரத்தில் 42,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாக் கார்களிலும் மணிக்கு 25 மைலுக்கு மேல் போக விடாத கருவியைப் பொருத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கார் வியாபாரிகள் எதிர்ப்பிரசாரம் செய்தார்கள், வாக்கெடுப்பில் கோரிக்கை தோற்றது. 1925-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நடப்பவர்களைக் கோட்டுக்குள் அடக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. மற்ற நகரங்களும் அதே வழியில் போயின. நடப்பவர்களைத் திட்டப் பயன்பட்ட வார்த்தை, போலீஸ் அபராதம் எழுதும் குற்றத்தின் பெயராகிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல், மோதும் ஆபத்து உடனடியாக இருந்தால் ஒழிய, ரோட்டைக் குறுக்கே கடந்ததற்காகப் போலீஸ் யாரையும் நிறுத்த முடியாது.

சரி, நம்ம ஆளிடம் திரும்புவோம். பாவம், கால் தூக்கியபடியே நிற்கிறார்.

(திரையில்: அதே காட்சி. இப்போது இரண்டாவது லேன் சிவப்பில் தெரிகிறது.)

நின்ற கார் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெள்ளைக் கோட்டை ஒட்டி நிற்கிறது. அதனால் அது ஒரு சுவர் மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது லேனில் வருகிறவருக்கு நம்ம ஆள் தெரிய மாட்டார், இவருக்கும் அந்த வண்டி தெரியாது. நின்றது பெரிய எஸ்யூவியாக இருந்தால் தலைகூட வெளியே தெரியாது. பின்னால் வருகிறவர் என்ன நினைப்பார்? முன்னால் இருப்பவர் திரும்பப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் வருவார்.

இப்போது கணக்குப் போடுவோம். மணிக்கு 40 மைல் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 18 மீட்டர் ஓடும். நின்ற காரின் ஓரத்தைத் தாண்டி அடுத்த லேனின் நடுவுக்கு வர, நம்ம ஆளுக்கு ஒன்றரை நொடி போதும். கண்ணில் பட்டதும் கால் பிரேக்குக்குப் போக டிரைவருக்கும் ஏறக்குறைய அதே ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் வண்டி 27 மீட்டர் வந்துவிடும். அதாவது, 27 மீட்டருக்குள் இருக்கும் வண்டி பிரேக்கே போடாமல் அவர் மேல் வந்துவிடும்.

அந்த வேகத்தில் மோதினால்? அமெரிக்க விபத்துகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, 23 மைல் வேகத்தில் மோதினால் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறப்பார் என்றும் 42 மைலில் இரண்டில் ஒருவர் இறப்பார் என்றும் கணக்கிட்டது. ஒரு கார் நின்று மறைக்க, அடுத்த லேன் வண்டி மோதும் இந்த விபத்துக்குப் பொறியாளர்கள் 'மல்டிபிள் த்ரெட்' (பல வண்டி ஆபத்து) என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பழகிப்போன சாவு இது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்ட தகவல் இனிமேல்தான். 30 நகரங்களில், கோடு போட்ட 1,000 இடங்களையும் கோடு போடாத 1,000 இடங்களையும் ஒப்பிட்டு 2005-ல் ஒரு பெரிய அறிக்கை வந்தது. இரண்டு லேன் சாலைகளில் வித்தியாசம் இல்லை. ஆனால் நடுத்திட்டு இல்லாத, நாளுக்கு 12,000 வண்டிகளுக்கு மேல் ஓடும் பல லேன் சாலைகளில், வெறும் கோடு மட்டும் போட்ட இடங்களில்தான் பாதசாரிகள் அதிகம் அடிபட்டார்கள்! கோட்டை அழித்துவிடலாம் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அப்படிப்பட்ட சாலையில் வெறும் பெயின்ட் போதாது. சிக்னல் வேண்டும், நடுவில் நின்று மூச்சு விட ஒரு திட்டு வேண்டும், முக்கியமாக வேகம் குறைய வேண்டும்.

'யாருக்கு வழி உரிமை?' என்று பலர் சண்டை போடுகிறார்கள். சட்டத்தைப் படித்தால் அதில் இருப்பது உரிமையை விடக் கடமைதான். கலிபோர்னியா சட்டம், கடப்பவருக்கு டிரைவர் வழிவிட வேண்டும் என்கிறது. வண்டி மிக அருகில் வரும்போது திடீரென்று இறங்கக் கூடாது என்று நடப்பவரிடமும் சொல்கிறது. நடப்பவர் தப்பே செய்தாலும் கவனமாக ஓட்டும் பொறுப்பு டிரைவரை விட்டுப் போகாது. இன்னொன்று, பெரும்பாலான அமெரிக்க டிரைவர்களுக்கே தெரியாதது: நடைபாதை வந்து சேரும் சாதாரணச் சந்திப்பில், கோடே இல்லாவிட்டாலும் சட்டப்படி அங்கே ஒரு கிராஸ்வாக், அதாவது நடப்பவர்கள் கடக்கும் இடம், இருக்கிறது. கடப்பவருக்காக நின்ற வண்டியைப் பின்னால் வருகிறவர் முந்திப்போவதும் குற்றம்.

சரி, நம்ம ஆளைக் காப்பாற்றுவது எப்படி?

(திரையில்: கோட்டுக்கு முன்னால் வெள்ளை முக்கோணங்கள்.)

இந்த முக்கோணங்களைச் சுறாப்பல் என்பார்கள். பல லேன் சாலைகளில் கிராஸ்வாக்குக்கு 20 முதல் 50 அடி முன்னால் இவற்றைப் போடுகிறார்கள். முதல் கார் இங்கேயே நின்றுவிட்டால் அந்தச் சுவர் பின்னால் போய்விடும். பெயின்ட் விலைதான் செலவு. எனக்கு மிகப் பிடித்த சாலைக் குறி இது. ஓட்டுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: முக்கோணம் இல்லாவிட்டாலும் தள்ளி நில்லுங்கள், கை காட்டாதீர்கள். உங்கள் கை முதல் லேனுக்கு மட்டும்தான் வாக்குக் கொடுக்க முடியும். நடக்கிறவர்கள், நின்ற காரின் ஓரம் வரை போய் ஒரு நொடி நின்று, தலையை நீட்டி அடுத்த லேனைப் பாருங்கள். புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்ளும் யாராவது தெரிந்தால் இதை இப்போதே அனுப்பிவிடுங்கள்.

இப்போது வீடியோவைத் திரும்ப ஓட விடுகிறேன். கார் முக்கோணத்திலேயே நிற்கிறது. நம்ம ஆள் இறங்குகிறார். இரண்டாவது லேனில் வருகிறவர் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார், பிரேக் விளக்கு எரிகிறது, நின்றுவிட்டார். மூன்றாவது லேன், நான்காவது லேன்... அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்.